முப்பத்துமூன்று அடி ஹேங்கரில் ஒரு காரும் ஒரு விமானமும்

சிலர் குடித்துக் கெடுவார்கள், சிலர் சீட்டாடிக் கெடுவார்கள். நான் "இல்ல சார்" என்று சொல்லிக் கெட்டவள். இரண்டே வார்த்தை. அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால்கூட இன்றைக்கு நான் எங்கேயோ இருந்திருப்பேன். (எங்கே என்று கேட்காதீர்கள். அதைக் கேட்டால் எனக்கே பதில் தெரியாது.)

எங்கள் குடும்பம் வாத்தியார் குடும்பம். தாத்தா வாத்தியார், அப்பா ஹெட்மாஸ்டர், அம்மா டீச்சர், அத்தைகள் இரண்டு பேரும் டீச்சர். கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் சிட்லபாக்கம் வீட்டில் கூடினால் ஒரு கையில் கேக்கும் மறு கையில் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்து அரைப் பரீட்சைப் பேப்பர் திருத்துவார்கள். எனக்கோ சாக்பீஸைப் பார்த்தாலே தும்மல் வரும். நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று கத்துவதை நினைத்தால் பின்வாசல் எங்கே என்று தேடுவேன். அதனால்தான் அடம்பிடித்து சிவில் டிப்ளமோ படித்தேன். பிளான் வரைவேன், யாரிடமும் பேச வேண்டாம், பென்சில் என்னை எதிர்த்துக் கேள்வி கேட்காது என்று கணக்கு.

படித்து முடித்ததும் அப்பா கூப்பிட்டு, "ஒரு வருஷம் பாரு மெர்சி. வேலை நிரந்தரமாச்சுன்னா ஸ்தோத்திரம். இல்லேன்னா வர்ற ஜூன்ல டீச்சர் ட்ரெயினிங்ல சேர்ந்துடு. ஃபாரம் வாங்கி வெச்சிருக்கேன்" என்றார்.

"சரிப்பா" என்றேன்.

அந்த ஃபாரம் பீரோவில் பைபிளுக்கு அடியில் இருந்தது. பைபிள் எடுக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கும், நான் அதைப் பார்ப்பேன்.

எண்பதுகளின் கடைசி அது. கிழக்குத் தாம்பரம் தாண்டி, வேளச்சேரிப் பக்கம் போகும் சாலையில், விமானம் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் தனியார் நிறுவனம் ஒன்று புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். மாணவர்கள் பன்னிரண்டு பேர். விமானம் பூஜ்யம். அங்கேதான் எனக்கு டிராஃப்ட்ஸ்மேன் வேலை, தற்காலிகமாக. நிறுவனத்தின் சொந்தக்காரரை எல்லாரும் 'சேர்மன்' என்போம். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலம் இவர் காலத்தில் மனைகளாக விற்றுப்போக, கையில் பணம் சேர்ந்ததும் மற்றவர்கள் கல்யாண மண்டபம் கட்டினார்கள். இவருக்கு மட்டும் ஆகாயத்தில் ஆசை. ஆள் தேக்கு மரம். குரலோ, தாம்பரம் ஸ்டேஷனில் மைக் கெட்டுப்போனால் இவரைக் கூப்பிட்டுக் கொள்ளலாம்.

டில்லியிலிருந்து அனுமதி கிடைத்தால்தான் படிப்புக்கு மதிப்பு. அனுமதிக்கு மூன்று சாமான்கள் கேட்டிருந்தார்கள்: ஒரு விமானம், அதை நிறுத்த ஹேங்கர் என்கிற பெரிய கொட்டகை, விமானத்தை இழுக்க ஒரு வண்டி. அனுமதி வந்த மறுநாள் எனக்கு நிரந்தர ஆர்டர் என்று சேர்மனே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

"மெர்சிம்மா, இழுக்கற வண்டிக்குப் புச்சா ஒண்ணு வாங்கணுமா இன்னா? நம்ம அம்பாசடர் நாப்பது மூட்டை நெல்லு இழுத்துக்கீது. ஏரோப்ளேன இழுக்காதா?"

"இழுக்கும் சார்."

"அப்போ ரெண்டும் ஒரே கூரைக்குள்ள நிக்கற மாதிரி பிளான் போடு. என் வண்டி வெயில்ல நிக்கக் கூடாது."

மனையின் மொத்த அகலமே முப்பத்தாறு அடி. வாங்கப்போகும் விமானம் ஏதோ ஒரு ஃப்ளையிங் கிளப்பில் ஆயுசு முடிந்த, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். இனி பறக்காது, மாணவர்கள் கழற்றி மாட்டத்தான். அதன் இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை முப்பத்துமூன்று அடி நாலு அங்குலம். நான் பழைய காலண்டர் அட்டையில் ஒரு விமானமும் ஒரு காரும் அளவாக வெட்டி, கிராஃப் தாளில் ஒரு வாரம் தள்ளித் தள்ளி விளையாடினேன். கடைசியில் பிடிபட்டது. சுவர்களுக்கு நடுவே முப்பத்துநாலு அடி. கார் பின்பக்க இடது மூலையில், சுவரை ஒட்டி. விமானம் வால் முன்னாலே போக, நடுவில் நேராக உள்ளே. இறக்கைக்கு இந்தப் பக்கம் நாலு அங்குலம், அந்தப் பக்கம் நாலு அங்குலம். எனக்கே புல்லரித்தது. பிளானின் மூலையில் கையெழுத்துப் போட்டபோது, உலகத்தில் இதற்குமுன் யாரும் பிளானே போட்டதில்லை என்கிற நினைப்பு எனக்கு. பிளான் டில்லிக்குப் போயிற்று. இங்கே கடைக்கால் தோண்ட ஆரம்பித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து எனக்கு மெட்ராஸ் ஐ வந்தது. இரண்டு கண்ணும் பழுத்த தக்காளி. அப்பா கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டி, பத்து நாள் வீட்டைவிட்டு நகரக் கூடாது என்றுவிட்டார்.

பதினோராவது நாள் போனேன். சுவர் கழுத்தளவு எழும்பியிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் என்னவோ உறுத்தியது. (கண் இல்லை. கண் சரியாகிவிட்டது.) நாடாவைப் பிடித்துப் பார்த்தேன். முப்பத்துமூன்று அடி. நாடாவில்தான் தப்பு என்று உதறிவிட்டு மறுபடியும் பார்த்தேன். முப்பத்துமூன்று. மூன்றாவது தடவை கண்ணை மூடி ஒரு ஜெபம் சொல்லிவிட்டு அளந்தேன். கர்த்தர் ஒரு அங்குலம்கூடக் கூட்டிக் கொடுக்கவில்லை.

மேஸ்திரி கன்னியப்பன் பீடியை அணைத்துவிட்டு வந்தார். "இன்னா பாப்பா பாக்கற? நீ போட்ட அளவு ஆவாது. கொறச்சிட்டோம்."

"ஏன் மேஸ்திரி?"

சட்டைப் பையிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சின்னப் புத்தகத்தை எடுத்தார். மனையடி சாஸ்திரம். அறையின் உள்ளளவு இத்தனை அடி என்றால் இன்ன பலன் என்று வரிசையாகப் போட்டிருக்கும். "பாத்துக்கோ. முப்பத்திநாலு, 'விட்டோட்டும்'. குடியிருக்கறவன ஊர வுட்டே தொரத்திடும். முப்பத்திமூணு நல்ல அளவு. நீளம் முப்பத்தொம்போது போட்ருக்க, அது ஷோக்கா கீது, அத்தத் தொடல."

"இது வீடு இல்லையே மேஸ்திரி! ஏரோப்ளேன் நிக்கற இடமாச்சே!"

"நாலு செவுரு இருந்தா அது மனைதான். உள்ள மாடு நின்னா இன்னா, ஏரோப்ளேன் நின்னா இன்னா?"

"அப்போ முப்பத்தஞ்சா போட்டிருக்கலாமே?"

"முப்பத்தஞ்சு ஏ ஒன் அளவு. ஆனா செவுரு பக்கத்து மனைக்குள்ள பூடும். பேஜாராய்டும்."

இதற்குள் சேர்மன் வந்துவிட்டார். முதல் நாள்தான் சிமென்ட் ஷீட் கொண்டுவந்த ஆளை அவர் திட்டிய திட்டில் வேப்பமரத்துக் காக்கை எல்லாம் பறந்துபோனதாகச் சொல்லிக்கொண்டார்கள். இன்றைக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"மெர்சிம்மா, கண்ணு சரியாப் போச்சா? ஒரு அடி கொறச்சிட்டோம். ஒண்ணும் பிரச்சினை இல்லியே?"

என் கையில் நாடா இருந்தது. நாலு அங்குலம் இடிக்கும் என்று சொல்ல ஆறு வினாடி போதும். சொன்னால் காக்கை பறக்கும், வேலை பறக்கும், பீரோவிலிருந்து ஃபாரம் பறந்து வரும் என்று எல்லாமே பறப்பதாகத் தோன்றியது.

"இல்ல சார்" என்றேன்.

பாவி, சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு நாலு மாதம் நான் பட்ட பாடு நாய்கூடப் படாது. சுவர் நாளுக்கு நாள் உயர்ந்தது. பூச்சு பூசினார்கள், கூரை போட்டார்கள், முன்பக்கத் திறப்பின் இரண்டு ஓரத்திலும் கனத்த இரும்புத் தூண் நட்டார்கள். ஒவ்வொரு நாளும் 'இன்றைக்குச் சொல்லிவிடலாம்' என்று ரயிலேறுவேன். சாயங்காலம் 'நாளைக்குச் சொல்லிவிடலாம்' என்று திரும்புவேன். சுவர் கழுத்தளவு இருந்தபோது சொல்ல முடியாததைக் கூரை போட்ட பிறகு எந்த வாயால் சொல்வது? விமானம் ஏற்றி வரும் லாரி வழியிலேயே கவிழ வேண்டும் என்றுகூட ஜெபித்தேன். (டிரைவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று தனியாக ஒரு ஜெபம்.)

எங்கள் இன்ஸ்ட்ரக்டர் நாயர் சார், விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்றவர். ஒருநாள் அவரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன்.

"சார், அலுமினியம் குளிர்ல சுருங்கும் இல்லையா?"

"சுருங்கும் மோளே. ஒரு மயிரிழை."

"நாலு அங்குலம் சுருங்கணும்னா?"

"நாலு அங்குலமா? தாம்பரத்தைத் தூக்கி இமயமலையில வெச்சாலும் நடக்காது. எதுக்குக் கேக்கிற?"

"சும்மா, ஜெனரல் நாலெட்ஜுக்கு சார்."

லாரி கவிழவில்லை. டில்லி அதிகாரி ஆய்வுக்கு வருவதற்கு முதல் நாள் மத்தியானம் பத்திரமாக வந்து சேர்ந்தது. உடம்பு தனி, இறக்கைகள் தனி. மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் நாயர் சாரும் மாணவர்களும் வெளித்திடலில் வைத்து இறக்கைகளைப் பூட்டினார்கள். பூட்டி முடிக்கவும் டில்லி அதிகாரியின் கார் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. ஒத்திகை பார்க்கக்கூட நேரமில்லை.

அதிகாரி தமிழர்தான். ஒல்லியாக, அமைதியாக, அளந்து பேசுகிறவர். கையில் என் பிளான். கேசரியைத் தொடவில்லை, காப்பியை மட்டும் குடித்துவிட்டு, "பிளான்ல இருக்கற மாதிரியே ரெண்டு வண்டியையும் நிறுத்திக் காட்டுங்கோ, போதும்" என்றார்.

"அதுக்கின்னா சார், நானே உள்ள உக்காந்து காட்றேன்!" என்று சேர்மன் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அம்பாசடரின் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். டிரைவர் துலுக்காணம் வண்டியை உள்ளே விட்டு, நான் வரைந்தபடியே, பின்பக்க இடது மூலையில் சுவரோடு ஒட்டி நிறுத்தினார். இடது பக்கக் கதவுகளைத் திறக்க முடியாது. 'வலது பக்கம் இறங்கிக்கொள்ளலாம்' என்று நான்தான் பிளானில் குறித்திருந்தேன். விமானம் பக்கத்தில் வந்து நின்றதும் கம்பீரமாக இறங்க வேண்டும் என்று சேர்மன் உள்ளேயே இருந்தார்.

மாணவர்கள் விமானத்தைத் தள்ளினார்கள். வால் உள்ளே போயிற்று. உடம்பு போயிற்று. கைதட்டல். நானும் தட்டினேன், மூளை கெட்டுப்போய். இறக்கை வாசலுக்கு வந்தது. டங் என்று ஒரு சத்தம். இரண்டு முனையும் இரண்டு தூணிலும் முட்டிக்கொண்டு நின்றன.

"என்னாச்சு?" என்றார் அதிகாரி.

"கொஞ்சம் திருப்பிக்கலாம் சார்" என்றது ஒரு குரல். யாரென்று பார்த்தால் நான்! கட்டிலை அறைக்குள் கொண்டுபோகிற மாதிரிக் கோணலாகத் திருப்பினால் போய்விடும் என்று எனக்கு அந்த நிமிடத்தில் ஞானம் பிறந்துவிட்டது. போகவும் போயிற்று. வலது இறக்கை முதலில் நுழைந்தது, இடது இறக்கை பின்னால் நுழைந்தது. ஆனால் இங்கே இறக்கை திரும்பினால் அங்கே வாலும் திரும்பும் அல்லவா? அது பிறந்த ஞானத்தில் சேரவில்லை. வால் நேராகப் போய் அம்பாசடரின் வலது பக்கக் கதவுகளை அணைத்துக்கொண்டு நின்றது.

பதறிப்போய் "நேராக்குங்க, நேராக்குங்க!" என்று கத்தினேன். நேராக்கினார்கள். வலது முனை புதுப் பூச்சுக்குள் கறகறவென்று இறங்கியது. இடது முனை இரும்புத் தூணுக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொண்டது. அதற்குமேல் விமானம் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

நாயர் சார் ஓடிவந்து குறுக்கே நின்றார். "இனி யாரும் தொடக் கூடாது! இன்னொரு இஞ்ச் தள்ளினா இறக்கை போயி!"

துலுக்காணம் நோஞ்சான். முன் ஜன்னல் வழியாக நெளிந்து வெளியே வந்துவிட்டார். "இன்னாம்மா இது, வண்டிய கூடைல கோழி மாரி கவுத்துட்ட?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். சேர்மன் ஜன்னலைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார், பேசாமல் உட்கார்ந்துகொண்டார். இறக்கியிருந்த கண்ணாடிக்கும் விமானத்தின் வாலுக்கும் நடுவே அவர் முகம் முக்கால்வாசி தெரிந்தது. வேர்த்து ஊற்றியது.

சுவரை இடிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று நாயர் சார் சொல்லிவிட்டார். கடப்பாரையோடு வந்த கன்னியப்பன் மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தே முக்கால். வெள்ளிக்கெழம. ராவுகாலம் தொடங்கிடுச்சே. பன்னெண்டுக்கு மேல கை வெக்கலாமா?"

காருக்குள்ளிருந்து இடி இடித்தது. "இடிக்கறதுக்கு இன்னாடா ராவுகாலம்! இட்றா!"

கடப்பாரை விழ ஆரம்பித்தது. நாங்கள் அத்தனை பேரும் சுண்ணாம்புத் தூசியில் நின்றோம். அதிகாரி தன் பையிலிருந்து ஒரு நாடாவை எடுத்து, ஒரு மாணவனை மறுமுனையில் நிறுத்தி, நிதானமாக அளந்தார்.

"முப்பத்துமூணு. பிளான்ல முப்பத்துநாலு. இந்த பிளான் யார் போட்டது?"

பன்னிரண்டு மாணவர்களும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். (ஒற்றுமை என்றால் அது.)

"நான்தான் சார்."

"சுவர் ஒரு அடி குறைச்சலா இருக்குன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் தெரியும் என்றால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் நாலு மாதம் அடைத்துவைத்திருந்த உண்மை, அணை உடைந்த மாதிரி, அழுகையும் மூக்குச்சளியுமாக வெளியே வந்தது. "நாலு மாசமாத் தெரியும் சார். கழுத்தளவு இருந்தப்பவே தெரியும். இறக்கை இடிக்கும்னும் தெரியும். பயத்துல சொல்லல சார்."

கடப்பாரை நின்றது. காருக்குள்ளிருந்து திட்டு வரும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். வரவில்லை. அத்தனை பெரிய குரல், அன்றைக்கு ஒரே ஒரு தடவை சின்னதாகக் கேட்டது.

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே இடிச்சிருப்பேனேம்மா. செவுரு தானேம்மா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இது தாங்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் தாங்கவில்லை. நான் நாலு மாதம் நடுங்கியது நிஜப் புலியைப் பார்த்து இல்லை. அது என் தலைக்குள் நானே கட்டித் தீனி போட்டு வளர்த்த புலி.

முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு சுவரில் ஓட்டை விழுந்து, இறக்கை விடுபட்டு, சேர்மன் வெளியே வந்தார். பட்டு வேட்டியைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும். அதிகாரி, 'பிளானும் கட்டிடமும் ஒத்துப்போகவில்லை' என்று எழுதிவிட்டுக் கிளம்பினார். சேர்மன் என்னை வேலையைவிட்டு நீக்கவில்லை. நீக்க வேண்டிய அவசியமே வரவில்லை, அனுமதி இல்லாத இடத்தில் நிரந்தரமாக்க என்ன இருக்கிறது? பிறகு பக்கத்து மனைக்காரரிடம் கொஞ்சம் இடம் வாங்கி முப்பத்தைந்து அடியாகக் கட்டி அனுமதியும் வாங்கிவிட்டாராம். அப்போது நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கு மாதிரிப் பாடம் நடத்தித் தும்மிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்ன அன்றைக்கே என் தம்பி சாம் அதைப் பிடித்துக்கொண்டான். அதிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது எதையாவது சொல்லாமல் மென்று விழுங்கினால், "செவுரு எத்தனை அடி?" என்று கேட்டால் போதும். மார்க் ஷீட்டை மறைத்த பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறோம். என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு "நல்லா இருக்கு" என்று இழுத்த என் கணவரிடம், கல்யாணமான மறுவாரமே சாம் கேட்டான். "உப்பு இல்ல" என்று உடனே ஒப்புக்கொண்டுவிட்டார். தெருவில் பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி தெரியும். அப்பா மட்டும் சிரிப்பாரே தவிர, யாரையும் கேட்டதில்லை.

போன வருஷம் பள்ளிக்கரணைப் பள்ளியில் எனக்கு ஓய்வு விழா. முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். மாலை, சால்வை, வெள்ளி விளக்கு, 'ஆசிரியப் பணிக்கென்றே பிறந்தவர்' என்று ஒரு வாழ்த்து மடல். திரும்பி வரும்போது சாம் கார் ஓட்டினான். பின் சீட்டில் நானும் எண்பத்தெட்டு வயது அப்பாவும். மாலையைக் கழற்றி மடியில் வைத்தேன். அந்த வாழ்த்து மடலைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. இனி யாருக்குப் பயப்பட வேண்டும் என்று மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அப்பா, எனக்கு இந்த டீச்சர் வேலை ஒருநாள்கூடப் பிடிச்சதில்லப்பா."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "பிடிக்கலையா? நீ சரிப்பான்னு சொன்னியேம்மா. பிடிக்கலேன்னு ஒரு தடவைகூடச் சொல்லலியே. சொல்லியிருந்தா அந்த ஃபாரத்தை அன்னிக்கே கிழிச்சுப் போட்டிருப்பேனே."

சாலையோரச் சதுப்பு நிலம் முடிகிற வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அப்புறம் அப்பா கைத்தடியின் பிடியைத் தடவியபடி, யாரிடமோ சொல்கிற மாதிரி மெல்லச் சொன்னார்.

"எனக்கும்தான் பிடிக்காது. உங்க தாத்தா சேர்த்துவிட்டார். முப்பத்தாறு வருஷம்."

வண்டி சிக்னலில் நின்றது. சாம் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தான்.

"அப்பா," என்றான், "செவுரு எத்தனை அடி?"